பச்சையில் விழுந்த வீடு

அத்தியாயம் 9

ஆட்சேபணை கொடுக்க இன்று சாயங்காலம் ஐந்து மணி வரைதான் நேரம். ஐந்து அடித்துவிட்டால் சுவரில் மாட்டியிருக்கும் படம்தான் சட்டம்.

ஹைவே அகலமாகப் போகிறது, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கே எதைக் கட்டலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று முடிவெடுத்து, நெய்யாற்றின்கரையில் ஓர் ஆபீஸ் சுவரையே அடைத்து வரைபடம் மாட்டியிருந்தார்கள். மூன்று நிறம். மஞ்சள் அடித்த இடத்தில் வீடு கட்டலாம். நீலம் அடித்த இடத்தில் கடை கட்டலாம். பச்சை என்றால் வயல். அங்கே நெல்லைத் தவிர வேறொன்றும் எழும்பக் கூடாது.

படம் மாட்டி இரண்டு மாதம். மருதறவிளைக்காரர்கள் அதைக் கவனித்ததே பதினெட்டு நாளைக்கு முன்னால்தான். அதுவும், பொன்னுதாஸ் கொத்தனார் மாடி கட்டக் கேட்டிருந்த லோன் பேப்பரை பாங்க் மேனேஜர் திருப்பிக் கொடுத்து, "உங்க இடம் பச்சையில வருது" என்று சொன்ன பிறகு.

பதினோரு வருஷம் அந்த மனுஷர் ஊரான் வீட்டுக்கெல்லாம் சுவர் வைத்துவிட்டு, ஞாயிறு தவிர மற்ற நாள் சாயங்காலங்களில் தன் வீட்டுக்கு ஒரு வரி, இரண்டு வரி என்று கல் அடுக்கிக் கட்டிய வீடு. பன்னிரண்டு சென்ட். கிணறு, நான்கு தென்னை, கொஞ்சம் வாழை. அதற்குப் பச்சை அடித்துவிட்டார்கள்.

பச்சை அடித்தது தெரிந்த வாரமே, மஸ்கட்டில் இருக்கும் மகன் அபினுக்குப் பேசி முடித்திருந்த பெண்வீட்டார், "ஜனவரி வேண்டாம், பிறகு பார்ப்போம்" என்று சொல்லியனுப்பினார்கள். ஓலை மேய்ந்திருந்த காலத்தில்கூட அந்த வீட்டை யாரும் அப்படி ஒதுக்கியதில்லை. சுவர் அதேதான், கூரை அதேதான். ஒரு டப்பா சாயத்தில் அதன் மதிப்பு வயல் மண்ணின் மதிப்பாகிவிட்டது.

இதை முதலில் புரிந்துகொண்டவள் ஜெஸ்மி. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பி.ஏ. பொருளாதாரம். இரண்டு வருஷமாக வேலைக்கு மனு எழுதி எழுதி, மனு எழுதுவதில் மட்டும் கை தேர்ந்தவள்.

ஆட்சேபணை மனுவை நேற்றே எழுதி முடித்திருந்தாள். அப்பாவின் ஒப்பு, அதாவது கையெழுத்து, ஒன்றுதான் பாக்கி.

அப்பா மொட்டைமாடியில் இருந்தார். தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்கு, துருப் பிடிக்காமல் இருக்க, சிமெண்ட் பால் பூசிக்கொண்டிருந்தார். மாடி வரும்போது வேண்டும் என்று விட்ட கம்பிகள்.

"அப்பா, இதுல ஒரு ஒப்பு போடுங்க."

"இத முடிச்சிட்டு வாறேன் மக்கா. கம்பியில துரு ஏறுது."

"மாடியே கெட்டப்படாதுண்ணு படம் வரைஞ்சாச்சு. இனி கம்பிக்குத் துரு பிடிச்சா என்ன, பூ பூத்தா என்ன?"

பொன்னுதாஸ் பிரஷ்ஷை டப்பாவில் வைத்தார். மகளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

"நேத்து ஆராதனை முடிஞ்சு ஒனக்க மாமன் என்னைத் தனியா கூட்டிட்டுப் போய்ப் பேசினான்."

மாமன் என்றால் அம்மாவின் தம்பி சத்தியதாஸ். மருதற ஏலா கமிட்டியின் செகரட்டரி. ஏலா என்று இங்கே வயல்வெளிக்குப் பெயர். சபைக் கமிட்டியிலும் அவர்தான். ஊரில் யாருக்காவது ஒரு பேப்பர் வேண்டுமென்றால் முதலில் தட்டுகிற கதவு அவருடையது.

"என்ன சொன்னாரு?"

"ஆட்சேபணை குடுத்தா எனக்குத்தான் கேடாம். இது வயல் இல்ல, வீடாக்கும்ணு நான் எழுதிக் குடுத்தா, பத்து வருசமா வயல்ணு சொல்லி மோட்டாருக்கு ஓசி கரண்டு வாங்கினது ஆருண்ணு கேப்பாங்க. சப்சிடி வெதை வாங்கினது ஆருண்ணு கேப்பாங்க. கேசு வரும், கோர்ட்டுல நிக்கணும்ணு சொன்னான்."

"சப்சிடி வெதை நீங்க வாங்கினீங்களா?"

"நான் எங்க வாங்கினேன்? மோட்டாரு கரண்டு உண்டு. அது எல்லாவனும் வாங்கியதாக்கும்."

"அப்ப வெதை ஆரு வாங்கினது?"

பொன்னுதாஸ் மறுபடியும் பிரஷ்ஷை எடுத்தார்.

ஜெஸ்மி மனுவுக்கு அடியில் இருந்த ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். ஆபீசில் தெரிந்த ஒருத்தி மூலம் போன வாரம் கிடைத்தது. ஏலா கமிட்டி மலையாளத்தில் எழுதி அனுப்பிய பட்டியல். அதில் இருந்த சர்வே நம்பரையெல்லாம் பார்த்துத்தான் ஆபீஸ் பச்சை அடித்திருக்கிறது.

"இதுல கீழ கெடக்கது ஒங்க ஒப்புதானே? மேல என்ன எழுதியிருக்குண்ணு வாசியுங்க."

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தூரமாகப் பிடித்தார். கிட்டத்தில் பிடித்தார்.

"கண்ணாடி கீழ இருக்கு மக்கா."

கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பாதி வெளியே நீட்டிக்கொண்டு.

ஜெஸ்மிக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா மலையாளம் பேசினால் மலையாளிகளே ஒதுங்கி நிற்பார்கள். சிமெண்ட் கடையில் பேரம், எஞ்சினியரிடம் சண்டை எல்லாம் மலையாளத்தில்தான். ஆனால் படித்தது மிஷன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்று தமிழ் வேதபாடம் வாசிக்கிற மனுஷருக்கு, மலையாளத்தில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. இருபத்திமூன்று வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் அவளுக்கு இது தெரியவில்லை. அவ்வளவு திறமையாக மறைத்திருந்தார்.

அவளே வாசித்தாள். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையையும் தமிழாக்கி.

"இந்த இடத்தில் நெல் தவிர வேறு பயிரோ கட்டடமோ இல்லை. இனியும் நெல்லுக்கே விட்டுவைக்க எனக்குச் சம்மதம்."

கீழே விவசாயி என்ற இடத்தில், தமிழ் எழுத்தில், உருண்டை உருண்டையாக: பொன்னுதாஸ்.

கிணற்றடியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதுண்ணு மாமனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜெஸ்மி.

"அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடமாக்கும். அவன் பெறகு வேற பள்ளிக்கூடம் போனான்." அவர் உட்கார்ந்துவிட்டார். "கமிட்டி கூட்டத்துல வச்சு நீட்டினான். பத்துப் பேரு இருந்த எடம். கெட்டடத்துக்குக் கணக்கு போடிய கொத்தனாரு, பாடம் வாசிக்கிய ஆளு. எனக்கு இது தெரியாதுண்ணு அங்க வச்சு எப்பிடி மக்கா சொல்லுவேன்?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் விழுங்கினாள். பத்துப் பேர் முன்னால் ஒரு நிமிஷம் வெட்கப்படப் பயந்து, பதினோரு வருஷத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இவர் மட்டுமா? இந்தப் பட்டியலில் தமிழில் ஒப்பிட்ட பெயர்கள் இன்னும் ஆறு இருந்தன.

"கேசு வந்தா வரட்டும்," என்றாள். "வாசிச்சுக் காட்டாம ஒப்பு வாங்கினாருண்ணு இப்பவே கீழ ஒரு வரி சேத்து எழுதியேன். அதுக்கும் சேத்துத்தான் இந்த ஒப்பு."

அவள் மனு முழுவதையும் வாசித்துக் காட்டினாள்; அவர் பேனாவை வாங்கினார். பிறகு போட்டார்.

"ஒங்க அம்மைக்குத் தெரியாண்டாம்," என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாத காரியமும், கேசு காரியமும். அவ தாங்க மாட்டா."

இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் செய்கிற பெரிய உபகாரமே இதுதான். சொல்லாமல் இருப்பது.

அடுக்களையில் அம்மா ஆனந்தபாய் இஸ்திரிப் பெட்டியில் கரி ஊதிக்கொண்டிருந்தாள். மேசையில் அவளுடைய ஊதா நிறப் பட்டுச் சேலை. சபைக்கு, அதுவும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் உடுத்துவது.

"திங்கக்கிழமையில எதுக்கம்மா இது?"

"சும்மா. மடிப்பு விட்டுப்போச்சு."

"எடத்துக்குக் கரம் கெட்டின வரி ரசீது எங்க? மனுவோட வைக்கணும்."

"அத மாமன் கொண்டுபோனான். ஜெராக்ஸ் எடுத்திட்டுத் தாறேண்ணு."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"அவருக்கு எதுக்கு நம்ம வீட்டு ரசீது?"

"எட்டி, ஒரு ரசீதுக்கு ஒன்பது கேள்வி கேக்க. பி.ஏ.க்குப் பதிலா வக்கீலுக்குப் படிச்சிருந்தா நாலு காசாவது வந்திருக்கும்." அம்மா சிரித்தாள். ஆனால் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் எனக்க கூடப் பெறந்தவன். எனக்கு இந்தப் பன்னிரண்டு சென்டு எங்க அப்பன் எழுதித் தந்தப்ப, பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு நெலம்ணு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தந்திருக்க மாட்டாங்க. அத மறக்கப்படாது."

ஜெஸ்மிக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரசீது பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினாள்.

ஹைவே விளிம்பில், பஸ் நிற்கிற இடத்தில், சத்தியதாஸ் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய முப்பது சென்ட். ரோட்டைப் பார்த்துக் கிடக்கிற முன்பாதி அது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பொன்னுதாஸின் வீடு. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே ஏலா. இவருடையதில் இப்போதும் புல்லும் தண்ணீரும்தான் கிடக்கின்றன. படத்தில் அது நீலம்.

"பட்டதாரி எங்கோட்டு?"

"ஆபீசுக்கு. ஆட்சேபணை குடுக்கதுக்கு."

"கொத்தனாரு ஒப்பு போட்டாரா?" குரலில் ஆச்சரியம் இருந்தது.

"போட்டாரு. இந்தத் தடவை வாசிச்சுக் கேட்டிட்டுப் போட்டாரு."

சத்தியதாஸின் முகம் ஒரு கணம் கல்லாகிப் பிறகு இளகியது.

"பிள்ளே, நீ படிச்ச புக்குல இதொக்க இருக்காது. நான் சொல்லியதக் கேளு."

"இருந்துது மாமா. நெலத்துக்க வெலை மண்ணுல இல்ல, பேப்பர்லயாக்கும்ணு ரெண்டாம் வருசமே படிச்சாச்சு."

"அப்ப, பேப்பரு கையில இருக்கிய ஆளுட்ட மரியாதையாட்டு பேசணும்ணு மூணாம் வருசம் படிச்சிருப்பியே."

"ஒங்க எடத்துல தவளை கத்துது. அது நீலம். எங்க எடத்துல மனுசன் இருக்கான். அது பச்சை. எப்பிடி மாமா?"

"மூணு வருசத்துக்கு முன்னாலயே எனக்க நம்பரை நான் லிஸ்டுல இருந்து எடுத்தாச்சு. ஒனக்க அப்பன் எடுக்கச் சொல்லல்ல. நான் எடுக்கல்ல." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேற்றிரவு தூங்காதவர் போல அவர் கண் சிவந்திருந்தது. "இன்னைக்கு ஒரு நாளு சும்மா வீட்டுல இரி. உள்ளது சொல்லியேன். ஒனக்கு நல்லது, எனக்கும் நல்லது."

மிரட்டுகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல். அதுதான் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. மாமன் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

ஆபீசில் கூட்டம் வாசல்படி வரை நின்றது. திருப்புறத்திலிருந்து வந்த ஒரு கிழவர், தன் தோப்பு எந்த நிறம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறம் தெரிந்தவர்கள் சொல்லத் தயங்கினார்கள். ஜெஸ்மியின் முறை வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்து ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். திறந்தபோது மணி இரண்டேகால்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஸ்ரீகுமாரி. காலேஜில் இரண்டு வருஷம் மூத்தவள். இப்போது இங்கே படம் வரைகிற வேலை. ஜெராக்ஸ் கொடுத்தது அவள்தான்.

அவள் மனுவை வாசித்தாள். கடைசிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"ஜெஸ்மி, ஒப்பு அப்பாவுடேது. கரம் கெட்டியது ஆரு பேருல?"

"அம்மைக்க பேருல. எடம் அம்மை வழி வந்தது."

"அப்ப அம்மையில்லியா ஒப்பிடணும்?"

ஜெஸ்மி ஜன்னலுக்குள் எட்டி மனுவைப் பார்த்தாள்.

"பட்டியல்ல அப்பா பேருதானே சேச்சி இருக்கு?"

"அதுல விவசாயி பேரு. விவசாயி ஆருண்ணு கமிட்டி எழுதலாம். ஆட்சேபணை எடத்துக்க ஒடமக்காரிதான் குடுக்கணும். இத நான் வாங்கி வச்சாலும் மேல உள்ள ஆபீசரு தள்ளிடுவாரு."

மாமனைக் கேள்வி கேட்டவள், அப்பாவை வாசிக்கச் சொன்னவள், பெண்களுக்குச் சொத்துரிமை என்று காலேஜில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள். வீட்டுக்கு ஒரு கையெழுத்து என்றதும் நேராக மாடிப்படி ஏறி ஆம்பிளையிடம் போய் நின்றிருக்கிறாள். ஒடமக்காரி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் ரசீது மட்டும் கேட்டிருக்கிறாள்.

"இப்ப போய்க் கூட்டிட்டு வாறேன். அஞ்சு மணிக்குள்ள வரலாம்."

ஸ்ரீகுமாரி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு அருகே குனிந்தாள்.

"ஒங்களுக்கு முன்னால கெடக்கிய முப்பது சென்ட் ஆருக்கு உள்ளது?"

"மாமனுக்கு."

"போன மாசம் அந்த நம்பரைப் பத்தி ஒரு ஆளு இங்க வந்து ஒரு நாளு முழுக்க இருந்து விவரம் கேட்டாரு. விதியில ஒரு வரி உண்டு, பதினாலாம் பக்கம். முன்வசம் நீலம், பின்வசம் பச்சை. ரெண்டும் ஒரே ஆளு பேருல கெடந்தா, மொத்தத்தையும் நீலமாட்டு எடுத்துக்கலாம். முன்வசத்துல தனியாட்டு பெரிய கட்டடம் வராது, வண்டி நிக்க எடம் போதாது. பின்வசமும் சேந்தா நாலு மாடி வரும்."

"அப்ப எங்க எடம்..."

"ஒங்க கையில இருந்தா வயலு வெலை. அந்த ஆளு கையில போனா ரோட்டு வெலை. ஒரு காரியம் மட்டும். ஆட்சேபணை முடியிய நாளைக்குள்ள ரெண்டும் ஒரே பேருல பதிஞ்சிருக்கணும்."

"அது இன்னைக்கு."

"ஆமா," என்றாள் ஸ்ரீகுமாரி. "இன்னைக்கு."

வெள்ளிக்கிழமை கொண்டுபோன ரசீது. திங்கட்கிழமை இஸ்திரி போட்ட பட்டுச்சேலை. இன்னைக்கு ஒரு நாளு சும்மா வீட்டுல இரி.

ஜெஸ்மி போன் பூத்துக்கு ஓடினாள். வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் போன் இருந்தது புஷ்பபாய் சித்தி வீட்டில்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சித்தி எடுத்தாள்.

"சித்தி, எனக்க அம்மையக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவசரம்."

"அம்மையா? அவ பதினோரு மணிக்கே போயாச்சே மக்கா. சத்தியதாஸ் ஜீப்பு கொண்டு வந்தான். பட்டுச்சேலையும் கெட்டி, பவுடரும் இட்டு, கல்யாணப்பெண்ணு மாதிரி போறா. எங்கோட்டுக்காண்ணு கேட்டேன். நல்ல காரியத்துக்காக்கும்ணு சொல்லிட்டுச் சிரிச்சா."

"அப்பா?"

"ஒனக்க அப்பன் ஒற்றசேகரமங்கலத்துல வேலைக்குப் போயாச்சு. ராத்திரி ஆவும் வரதுக்கு. ஏன் மக்கா, ஒனக்க சத்தம் ஒரு மாதிரி..."

ஜெஸ்மி போனை வைத்தாள். சில்லறை வாங்கக் காத்திருக்கவில்லை.

ரிஜிஸ்டர் ஆபீஸ் அடுத்த தெருவில். பத்திரம் எழுதுகிறவர்களின் மேசைகளைத் தாண்டி, குடைகளையும் செருப்புகளையும் தாண்டி உள்ளே ஓடினாள். வராந்தாவில் நீள பெஞ்சு. அதன் நுனியில் ஊதாப் பட்டுச்சேலை.

ஆனந்தபாய் இடது கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருவிரல் முழுக்க மை.

"நீ எங்க மக்கா இங்க?" என்றாள். பிடிபட்டவளின் முகம் இல்லை. பரீட்சை எழுதி முடித்தவளின் முகம்.

ஜெஸ்மி அந்தக் கையைப் பிடித்தாள். மை இன்னும் ஈரமாக இருந்தது.

"என்னம்மா செய்த?"

"மெதுவாட்டு பேசு. ஆளுவ பாக்கியாங்க." அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "ஒனக்க அப்பன் பேருல கேசு வரப் போவுது. மாமன் எல்லாம் சொன்னான். எடம் நம்ம பேருல இருந்தாத்தானே கேக்கதுக்கு. ஒரு வருசத்துக்குப் பேரு மாத்தி வச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான். பச்சை மாறினதும் திருப்பி எழுதித் தருவான். வீட்டுல நம்மதான் இருப்போம். ஒரு செங்கல்லு இளகாது."

"ஆதாரப் பத்திரத்தை வாசிச்சியா?"

"மலையாளம் எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? அவன்தான் வாசிச்சுச் சொன்னான்."

ஜெஸ்மி மை படிந்த அந்தக் கையை விட்டாள்.

"அப்பாட்ட சொன்னியா?"

"அவருட்ட எதுக்கு? பேப்பருண்ணாலே அவருக்கு ஒரு பயம் உண்டு. என்னண்ணு அவரும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. இருபத்தாறு வருசமாச்சு." அம்மா மை விரலைப் பார்த்துக்கொண்டாள். "அந்த மனுசன் கோர்ட்டுக் கூண்டுல கையெடுத்துக் கும்பிட்டு நிக்கியத நான் பாக்கப்படாது. எடம் எனக்குள்ளது. எனக்க எடத்தக் குடுத்து எனக்க ஆளை நான் காப்பாத்தியேன். நீ படிச்சவ, ஒனக்கு இது மடத்தனமா தோணும்."

உள்ளே இருந்து சத்தியதாஸ் வந்தார். கையில் பத்திரப் பதிவுச் சீட்டு. ஜெஸ்மியைப் பார்த்ததும் நின்றார்.

"காட்டுங்க," என்றாள் ஜெஸ்மி.

"எல்லாம் முடிஞ்சாச்சு பிள்ளே."

"முடிஞ்சதைத்தான் காட்டச் சொல்லியேன்."

அவள் சீட்டைப் பறிக்கவில்லை. அவரே விரலைத் தளர்த்தினார். மலையாளத்தில் நான்கு வரி. விற்கிறவர் என்ற இடத்தில் இரண்டு பெயர். ஆனந்தபாய். அதற்குக் கீழே சத்தியதாஸ்.

வாங்குகிறவர் சுவாமிதாஸ். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து விலாசம்.

மறுபடியும் வாசித்தாள். மாமன் வாங்கவில்லை. மாமனும் விற்றிருக்கிறார். முன்வசமும் பின்வசமும் சேர்த்து, ஒரே ஆளுக்கு.

"இது ஆரு மாமா?"

சத்தியதாஸ் வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க எடத்தையும் ஏன் குடுத்திய?"

"குடுக்காம இருக்கப் பாத்தேன்," என்றார். வெளியே கேட்கக் கூடாது என்பது போல, உதட்டை அசைக்காமல். "அந்த ஆளு சம்மதிக்கல்ல. ஊருக்காரனுக்க பேருல நான் வாங்கின சப்சிடி வெதைக்க பேப்பரு முழுக்க அந்த ஆளுக்க கையிலயாக்கும்."

"எலே சத்தியா, என்ன பேசிட்டிருக்கிய ரெண்டுபேரும்?" ஆனந்தபாய் எழுந்து வந்தாள். மை விரலைத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தபடி.

அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டை நீண்டது.

நீட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட வேட்டி, நெற்றியில் சந்தனம், சிரித்த முகம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத குரல்.

"துடைச்சுக்கிடுங்க அக்கா. பரவாயில்ல, வச்சுக்கிடுங்க." அவர் சத்தியதாஸைப் பார்க்கவே இல்லை. "உங்கள அலைய விட்டதுக்கு மன்னிக்கணும். ஒரே ஒரு காரியம் கேக்கணும். மண்ணடிக்க லாரி சொல்லியாச்சு, வெள்ளிக்கிழமை அம்பது லோடு வரும். நீங்க வீடு ஒழிஞ்சு தர்றது புதன்கிழமையா, வியாழக்கிழமையா?"

ஆனந்தபாய் கைக்குட்டையை விரலில் சுற்றியபடி நின்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"சத்தியா, ஆரு ஒழியது?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

அவளுக்குக் காது மந்தம் என்று சுவாமிதாஸ் நினைத்திருக்க வேண்டும். இன்னும் ஓர் அடி பக்கத்தில் வந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னும் கொஞ்சம் மரியாதையாக, அதையே மறுபடியும் கேட்டார்.